யூஎஃப்சி ஃபைட் பாஸ்: பிரேசிலின் தலைசிறந்த எம்எம்ஏ வீரர் யார் என்று முழுச் சண்டையாகப் பார்த்து முடிவு செய்ய

பிரேசிலின் ஆகச்சிறந்த எம்எம்ஏ (பல தற்காப்புக் கலைகள் கலந்த சண்டை) வீரர் யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஆண்டர்சன் சில்வா என்று சொல்லிவிடுவார்கள். என் பதில் ஜோசே ஆல்டோ. இந்தப் பதிலுக்கு நான் வந்து சேர்ந்தது, எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யூஎஃப்சியின் இணையக் காணொளிச் சேவையான ஃபைட் பாஸ் சந்தாவில் பழைய சண்டைகளை ஆரம்பத்திலிருந்து கடைசி மணி வரை பார்த்த பிறகுதான். அதனால் சேவையைப் பற்றியும் இந்த விவாதத்தைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சேவை. 2013 இறுதியில் தொடங்கினார்கள். நேரலைக்காக மட்டும் இதை வாங்க நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், பெரிய போட்டிகளின் நேரலை உரிமை நாட்டுக்கு நாடு வேறு வேறு நிறுவனத்திடம் இருக்கும், உங்கள் ஊரில் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இதன் உண்மையான சொத்து பழைய போட்டிகளின் சேமிப்புதான். யூஎஃப்சியை அப்போது நடத்திய சூஃபா நிறுவனம் 2006இல் டபிள்யூஇசி என்ற இன்னொரு எம்எம்ஏ அமைப்பை வாங்கியது, 2007இல் ஜப்பானின் பிரைடை வாங்கியது, 2011இல் ஸ்ட்ரைக்ஃபோர்ஸை வாங்கியது. அந்தப் போட்டிகளின் பதிவுகளும் கூடவே வந்து சேர்ந்தன. பிரேசில் வீரர்களைப் பற்றிப் பேசும்போது இதை விட முக்கியமான விஷயம் இல்லை. மினோடாரோ நொகெய்ரா, வாண்டர்லெய் சில்வா, ஷோகன் ருவா மூவரும் உச்சத்தில் இருந்தது பிரைடில். ஆல்டோ எழுந்து வந்தது டபிள்யூஇசியில். கிரிஸ் சைபோர்க் பட்டம் வாங்கியது ஸ்ட்ரைக்ஃபோர்ஸில், அமாண்டா நூனெஸ் ஜூலியா பட்டை 14 நொடியில் வீழ்த்தியதும் அங்கேதான். யூஎஃப்சியை மட்டும் பார்த்துவிட்டுப் பிரேசில்காரர்களை எடை போடுகிறவர் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்.

இன்னொரு விஷயம், ஹைலைட்ஸ். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற இரண்டு நிமிட வெட்டுகள் எல்லாம் ஆண்டர்சன் சில்வாவுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டவை போல இருக்கும். 2006இல் க்ரிஸ் லெபனை 49 நொடியில் முடித்தது, 2009இல் ஃபாரஸ்ட் கிரிஃபினின் குத்துகளைத் தலையை மட்டும் ஆட்டித் தவிர்த்துவிட்டுப் பின்வாங்கியபடியே ஒரு ஜேபில் சாய்த்தது, 2011இல் விட்டோர் பெல்ஃபோர்ட்டின் தாடையில் நேராக ஏறிய அந்த முன் உதை. இதெல்லாம் வேறு யாரிடமும் இல்லை, நான் மறுக்கவே மாட்டேன். ரிச் ஃப்ராங்ளினின் கழுத்தைப் பிடித்து முழங்காலால் மூக்கை உடைத்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டதிலிருந்து, யூஎஃப்சியில் தொடர்ந்து 16 வெற்றி, 10 முறை பட்டத்தைக் காப்பாற்றியது, 2,457 நாள் சாம்பியன். டான் ஹெண்டர்சன் பிரைடின் பெல்ட்டோடு வந்தபோது முதல் ரவுண்டை இழந்துவிட்டு இரண்டாவதில் பின்னாலிருந்து கழுத்தை நெரித்து முடித்தார். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்தான் என்று சொல்கிறவரிடம் எனக்குச் சண்டை எதுவும் இல்லை.

ஆனால் ஃபைட் பாஸில் முழுதாகப் பாருங்கள். 2009 ஏப்ரலில் மான்ட்ரியலில் தாலெஸ் லெய்ட்டெஸுடன் ஐந்து ரவுண்டு, 2010 ஏப்ரலில் அபுதாபியில் டெமியான் மாயாவுடன் ஐந்து ரவுண்டு. இரண்டாவது சண்டையில் முதல் இரண்டு ரவுண்டு அற்புதம், அப்புறம் எதிராளியைச் சுற்றிச் சுற்றி நடப்பதும் கேலி செய்வதும்தான். நடுவர் ஐந்தாவது ரவுண்டில் எச்சரிக்க வேண்டிவந்தது, யூஎஃப்சியின் அப்போதைய தலைவர் டேனா வைட் சண்டை முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். எதிரில் நிற்பவனை முடிக்கிற திறமை கையில் இருக்கும்போது முடிக்காமல் விளையாடுவதை நான் குறையாகத்தான் எடுக்கிறேன். அதே பழக்கம்தான் 2013 ஜூலையில் க்ரிஸ் வைட்மன் முன்னால் கையைத் தொங்கவிட்டு நிற்க வைத்தது, பட்டம் போனது. டிசம்பரில் மறு போட்டியில் உதைத்த கால் முறிந்தது. அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

அவருடைய சண்டைகளில் ஒன்றே ஒன்றை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் 2010 ஆகஸ்ட் 7, ஓக்லண்ட், சேல் சோனன். ஹைலைட்ஸில் உங்களுக்குக் கடைசிப் பத்து நொடிதான் கிடைக்கும். முழுச் சண்டை 23 நிமிடத்துக்கு மேல். முதல் ரவுண்டிலேயே சோனன் நின்றபடி இடது கையால் அடித்து ஆண்டர்சனைத் தடுமாற வைக்கிறார், அதற்குப் பிறகு ஒவ்வொரு ரவுண்டும் கீழே தள்ளி மேலே உட்கார்ந்து அடிக்கிறார், அடி எண்ணிக்கை 300ஐத் தாண்டுகிறது. நான்கு ரவுண்டு கையை விட்டுப் போன பிறகு ஐந்தாவதில், கீழே மல்லாந்து கிடந்தபடியே, சோனனின் ஒரு மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காலைக் கழுத்துக்குக் குறுக்கே போட்டு ட்ரையாங்கிள் (கால்களால் கழுத்தை நெரிக்கும் பிடி) பூட்டுகிறார். கடிகாரத்தில் 3:10. ஆண்டர்சனுக்கு ஜுஜுட்சு (தரையில் பிடித்துப் பூட்டும் கலை) கறுப்புப் பட்டை கொடுத்தவர் மினோடாரோ நொகெய்ரா என்பது தெரிந்தால் அந்தப் பூட்டை இன்னும் ரசிப்பீர்கள். இவ்வளவு அடி வாங்கியும் மனம் தளராத ஒரு சாம்பியனை வெறும் ஸ்டைல்காரர் என்று சொல்வது அநியாயம்.

அப்புறம் மருந்துப் பரிசோதனை. 2015இல் நிக் டயஸ் சண்டையையொட்டி ஆண்டர்சன் சிக்கினார், வெற்றி ரத்தானது. 2017இல் மறுபடியும் சிக்கல். பட்டம் வைத்திருந்த அந்த ஏழு வருடத்தில் எந்தச் சோதனையிலும் அவர் மாட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், அதனால் பழைய வெற்றிகளை நான் அழிக்கப் போவதில்லை. ஆனால் தலைசிறந்தவர் யார் என்ற கேள்வியில், இருவர் தோளோடு தோள் நிற்கும்போது, இது கணக்கில் வரத்தான் செய்யும்.

பிரைடுக்கு வருவோம். இந்தச் சேவைக்குக் கொடுக்கிற பணத்தில் பாதி பிரைடுக்காகவே கொடுக்கலாம். கூண்டு இல்லை, குத்துச்சண்டை மேடை. முதல் ரவுண்டு பத்து நிமிடம். கீழே விழுந்தவன் தலையில் உதைக்கலாம், மிதிக்கலாம், ஆனால் தரையில் தலைக்கு முழங்கை கூடாது. சும்மா நின்றால் மஞ்சள் அட்டை காட்டிச் சம்பளத்தில் வெட்டுவார்கள். ரவுண்டு ரவுண்டாகப் புள்ளி கொடுக்காமல் முழுச் சண்டையையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். இந்த விதிகளில் வாண்டர்லெய் சில்வா ஜப்பானின் சகுராபாவை மூன்று முறை வென்றதையும், ஷோகன் 2005 கிராண்ட் ப்ரீயில் ராம்பேஜ் ஜாக்சன், நொகெய்ராவின் இரட்டைச் சகோதரர் ரோஜேரியோ, ஓவரீம், அரோனா என்று வரிசையாகச் சாய்த்ததையும் பார்த்தால் குரிடிபா நகரத்தின் சூட்டெ பாக்சே பயிற்சிக்கூடத்து ஆட்கள் எதற்காக இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று புரியும். ஷோகன் அந்த ஒரு வருடத்தில் ஆடிய ஆட்டத்தைப் பத்து வருடம் ஆடியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. முழங்கால் காயம் விடவில்லை.

பிரைடில் என் மனம் போவது மினோடாரோ நொகெய்ராவிடம். பாஹியா மாநிலத்துப் பையன், சிறு வயதில் லாரி ஏறிக் கோமாவில் கிடந்து பிழைத்தவர், அந்தத் தழும்புக் குழி அவர் முதுகில் இருக்கிறது, சண்டையில் திரும்பும்போது பார்க்கலாம். 2002 ஆகஸ்டில் டோக்கியோ தேசிய மைதானத்தில் பாப் சாப் என்ற மலை மாதிரி மனிதர். சண்டை தொடங்கிய கையோடு நொகெய்ரா காலைப் பிடிக்கப் போக, சாப் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்துகிறார். அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டாவது ரவுண்டில் சாப் மூச்சு வாங்க, நொகெய்ரா கையைப் பூட்டி ஒத்துக்கொள்ள வைக்கிறார். 2003 நவம்பரில் குரோஷிய வீரர் க்ரோ காப்பிடமும் இதே கதை: முதல் ரவுண்டு முழுக்க உதை, இரண்டாவதில் ஒரே டேக்டவுன் (கீழே தள்ளுதல்), ஆர்ம்பார் (கைப்பூட்டு). பிரைடின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன், பிறகு 2008இல் டிம் சில்வியாவை வென்று யூஎஃப்சியின் இடைக்கால ஹெவிவெயிட் பட்டமும். ஆனால் அதே எடையில் அதே காலத்தில் ரஷ்யாவின் ஃபெடோர் இருந்தார், நொகெய்ராவை இரண்டு முறை தெளிவாக வென்றார். தன் காலத்தில் தன் எடையிலேயே இரண்டாவதாக இருந்தவரை ஒரு நாட்டின் முதலாவதாக என்னால் சொல்ல முடியவில்லை. மனசு கேட்கவில்லைதான், என்றாலும் அதுதான் நியாயம்.

ராய்ஸ் கிரேசி பெயரைச் சொல்லாமல் விட்டால் கோபப்படுவீர்கள். 1993 நவம்பர் 12, டென்வர், ஒரே இரவில் மூன்று பேர். முதல் நான்கு யூஎஃப்சியில் மூன்றில் வெற்றி. அவர் இல்லாமல் இந்த விளையாட்டு இந்த உருவத்தில் இருந்திருக்காது. ஆனால் எதிரில் நின்றவர்களுக்குத் தரைச் சண்டை என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. வழி திறந்தவர் என்ற பெருமை ஒன்று, சிறந்தவர் என்பது வேறு.

இனி ஆல்டோ. இதை எழுதுவதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

மனாவ்ஸிலிருந்து ரியோவுக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, நோவா உனியாவோ கூடத்தில் ஆண்ட்ரே பெடெர்நெய்ராஸிடம் வளர்ந்தவர். டபிள்யூஇசி பகுதியில் தேடினால் 2009 ஜூனில் கப் ஸ்வான்சனை எட்டே நொடியில் பறந்து வந்த முழங்காலால் முடித்தது கிடைக்கும், அதைப் பார்த்துவிட்டு நேராக 2010 ஏப்ரல் 24க்குப் போங்கள். சாக்ரமெண்டோ, யுரைய்யா ஃபேபரின் சொந்த ஊர், அரங்கம் முழுக்க அவர் ஆட்கள். ஆல்டோவின் வலது கால் ஃபேபரின் இடது தொடையில் இறங்குகிற ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் கவனியுங்கள். வெறும் உதை இல்லை அது. முதலில் கை போகும், ஃபேபர் தலையைக் காக்கக் கையைத் தூக்கி எடையை முன் காலில் வைப்பார், அந்த நொடியில் உதை வரும், எடை இருக்கிற காலை எடுக்க முடியாது. ரவுண்டு போகப் போக ஃபேபர் உதை பட்ட இடத்திலேயே விழுகிறார், இடைவேளையில் அவரைக் கைத்தாங்கலாக மூலைக்குக் கொண்டு போகிறார்கள். நான்காவது ரவுண்டில் தரையில் அவர் இரண்டு கையையும் முடக்கி வைத்து ஆல்டோ முழங்கையை இறக்குகிறார். ஃபேபர் விட்டுக் கொடுக்கவே இல்லை, ஐந்து ரவுண்டும் நின்றார், அவருக்கும் ஒரு வணக்கம். இந்தச் சண்டையை ஹைலைட்ஸில் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் அதில் நாக் அவுட் இல்லை, 25 நிமிடத்தில் ஒரு காலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைப்பதுதான் அந்தச் சண்டை.

அங்கிருந்து யூஎஃப்சியின் 66 கிலோ பிரிவு. ஏழு முறை பட்டத்தைக் காத்தார். 2005க்குப் பிறகு 2015 வரை தோல்வியே இல்லை, தொடர்ந்து 18 வெற்றி. மல்யுத்தம் படித்து வந்த அமெரிக்கர்கள் எல்லாரையும் தரையில் அழுத்தி வென்றுகொண்டிருந்த காலத்தில் இவரைக் கீழே தள்ள முடியாமல் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். அது எப்படி என்று இடுப்பைப் பார்த்தால் தெரியும். எதிராளி காலைப் பிடித்த உடனே தலையைக் கையால் கீழே தள்ளி, இடுப்பை வெட்டித் திருப்பி, பிடித்த காலை உருவிக்கொண்டு வந்துவிடுவார், பெரும்பாலும் கூண்டின் வேலியைத் தொடுவதற்கு முன்பே. 2013 ஆகஸ்டில் ரியோவில் கொரியன் ஸோம்பி என்ற பட்டப்பெயர் கொண்ட வீரருடன் முதல் ரவுண்டிலேயே பாதம் உடைந்தது. உதைதான் இவருடைய ஆயுதம், அதுவே போய்விட்டது. என்ன செய்தார்? இவரே டேக்டவுன் எடுக்கத் தொடங்கினார். நான்காவது ரவுண்டில் ஸோம்பியின் தோள்பட்டை நழுவியது, அவர் அதைத் திரும்பப் பொருத்தப் பார்த்த அந்த நொடியைக் கவனித்து, உடைந்த பாதத்தோடு அந்தத் தோள் பக்கமே உதைத்து முடித்தார். இரக்கமில்லாத காரியம்தான், ஆனால் அந்தக் கண் எல்லாருக்கும் இருக்காது.

2014 அக்டோபர், மரக்கானாசின்யோ அரங்கம், சாட் மெண்டெஸுடன் இரண்டாவது சண்டை. ஃபைட் பாஸில் ஒரே ஒரு சண்டைக்கு நேரம் இருக்கிறது என்றால் என் பரிந்துரை இதுதான். இரண்டு பேரும் முதல் ரவுண்டிலேயே ஒருவரை ஒருவர் விழ வைக்கிறார்கள். மணி அடித்த பிறகும் ஆல்டோ குத்தினார், அது தவறு, அதை மறைக்க மாட்டேன், 2012இல் இதே மெண்டெஸுடன் வேலியைப் பிடித்ததும் தவறுதான். ஆனால் மூன்றாவது ரவுண்டிலிருந்து ஐந்தாவது வரை அந்த இருவரும் ஆடியது, அந்த எடைப்பிரிவில் அதுவரை நான் பார்த்த எதையும் விட உயரமான ஆட்டம். மூன்று நீதிபதிகளும் 49-46 என்று ஆல்டோவுக்கே கொடுத்தார்கள்.

சரி, பட்டத்தைப் பறித்த அயர்லாந்துக்காரர் மெக்ரெகர். 2015 டிசம்பர் 12, 13 நொடி. நடந்தது நடந்ததுதான், ஆல்டோ கோபத்தில் பாய்ந்தார், மெக்ரெகரின் இடது கைக் குத்தில் விழுந்தார். ஆனால் ஆல்டோவின் கதையை அந்த 13 நொடியோடு முடிக்கிறவர்கள் அடுத்து வந்ததைப் பார்க்கவில்லை. ஏழு மாதத்தில் யூஎஃப்சி 200இல் ஃப்ராங்கி எட்கரை இரண்டாவது முறை வென்றார். மேக்ஸ் ஹாலோவேயிடம் இரண்டு முறை தோற்றார், அது தலைமுறை மாற்றம். அதற்குப் பிறகு 2018இல் ஜெரமி ஸ்டீஃபன்ஸைக் கல்லீரலில் ஒரு இடது குத்தில் மடக்கினார். முப்பது வயதைத் தாண்டியவர்கள் எடை கூடிப் போகிற வழக்கத்துக்கு மாறாக 61 கிலோ பிரிவுக்கு இறங்கி, மார்லன் வேரா, பெட்ரோ முன்யோஸ், ராப் ஃபான்ட் என்று மூன்று பேரை வரிசையாக வென்றார். பழைய உதை ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு உடலில் குத்துகிற குத்துச்சண்டைக்காரராக மாறியிருந்தார். ஆண்டர்சன் தன் வேகம் போனதும் வேறொருவராக மாற முடியவில்லை, ஆல்டோ மாறினார். எனக்கு முடிவைச் சொன்னது இந்த வேறுபாடுதான்.

அமாண்டா நூனெஸ் பற்றிப் பேசும்போது பெண்கள் பட்டியல் தனி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யாரை வென்றார் என்று மட்டும் பார்த்தால் பிரேசிலில் இவருக்கு மேலே யாரும் இல்லை. மீஷா டேட், ரோண்டா ரௌசி 48 நொடி, ஷெவ்சென்கோ இரண்டு முறை, ஹாலி ஹோமை ஹோமின் சொந்த ஆயுதமான தலை உதையால். 2018 டிசம்பர் 29 அன்று கிரிஸ் சைபோர்க். 2005இல் தன் முதல் சண்டைக்குப் பிறகு தோல்வியே அறியாத சைபோர்க்கை, அவருக்குப் பிடித்த அடிதடியிலேயே நேருக்கு நேர் நின்று 51 நொடியில். அன்று யூஎஃப்சியில் ஒரே நேரத்தில் இரண்டு எடைப்பிரிவுப் பட்டம் வைத்திருந்த முதல் பெண் ஆனார். 2021இல் ஜூலியானா பேன்யாவிடம் தோற்றதும், 2022 ஜூலையில் இடதுகை நிலைக்கு மாறி வந்து அதே பேன்யாவை ஐந்து ரவுண்டும் வெளுத்துப் பட்டத்தைத் திரும்ப வாங்கியதும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை. ஆல்டோவுக்கு அடுத்த இடத்தில் ஆண்டர்சனை அல்ல, இவரைத்தான் வைக்கிறேன். முதலிடம் ஏன் கொடுக்கவில்லை என்றால், 66 கிலோ பெண்கள் பிரிவில் யூஎஃப்சி தரவரிசைப் பட்டியலே போடவில்லை, போடுகிற அளவுக்கு ஆள் இல்லை. ஆல்டோவுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களின் எண்ணிக்கையும் தரமும் வேறு. இது நூனெஸின் குற்றம் இல்லை, அதனால் என்னோடு நீங்கள் முரண்பட்டாலும் நான் மதிப்பேன்.

சார்லஸ் ஒலிவேரா, யூஎஃப்சி வரலாற்றில் அதிக சப்மிஷன் (பூட்டியோ நெரித்தோ ஒத்துக்கொள்ள வைக்கும்) வெற்றி இவருடையதுதான். ரசிக்க இவரை விட்டால் ஆள் இல்லை, ஆனால் சாம்பியனாக இருந்த காலம் குறைவு. அலெக்ஸ் பெரெய்ரா இரண்டு எடையில் பட்டம் வென்றார், எம்எம்ஏவுக்குத் தாமதமாக வந்தவர், அவர் கணக்கை இன்னும் கொஞ்ச வருடம் கழித்துப் போடலாம்.

சேவையைப் பற்றி மிச்சம். வர்ணனை பெரும்பாலும் ஆங்கிலம்தான், தமிழை எதிர்பார்க்காதீர்கள். ஜோ ரோகனும் மைக் கோல்ட்பர்க்கும் பேசுகிற பழைய யூஎஃப்சி சண்டைகளில் ரோகன் ஒரு பக்கம் சாய்ந்தால் நம் கண்ணும் சாய்ந்துவிடும், அதனால் தீர்ப்பு வரை போன சண்டைகளை முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். நூனெஸ் ஷெவ்சென்கோ இரண்டாவது சண்டைக்கு இது கட்டாயம், நீதிபதிகளே பிரிந்த சண்டை அது. சண்டையின் பெயரை விடப் போட்டியின் எண்ணைப் போட்டுத் தேடுவது எளிது. வாரத்துக்கு ஒரு சண்டை பார்க்கிறவருக்கு இந்தச் சந்தா வீண், இணையத்தில் இலவசமாக வருகிற முழுச் சண்டைகளே போதும். வரலாற்றை உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இதற்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்க்கலாம் என்றால் இந்த வரிசையில் போங்கள்: நொகெய்ரா சாப், நொகெய்ரா க்ரோ காப், ஆண்டர்சன் ஹெண்டர்சன், ஆல்டோ ஃபேபர், ஆண்டர்சன் சோனன் முதல் சண்டை, ஆல்டோ மெண்டெஸ் இரண்டாவது, நூனெஸ் சைபோர்க், நூனெஸ் பேன்யா இரண்டும். கடைசியாக 2024 மே மாதம் ரியோவில் யூஎஃப்சி 301. ஓய்விலிருந்து திரும்பி வந்த 37 வயது ஆல்டோ, தன்னை விட ஏழு வயது இளையவரான ஜோனதன் மார்டினெஸை மூன்று ரவுண்டில் வென்றார். மார்டினெஸ் யாரென்றால் காலில் உதைத்து ஆட்களை முடிக்கிறதற்குப் பெயர் போனவர்.